குருதி தரும் முன்னறிவிப்பு

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துப் புரிந்துகொள்க. பின்னர், கட்டுரையின் இறுதியில் உள்ள வினாக்களுக்கு விடை காண்க.

ஒரே நாளில் ஒரு மருத்துவமனைக்கு இரண்டு நோயாளிகள் கொண்டு வரப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது அறுபது. இருவருக்கும் நுரையீரலில் கிருமித்தொற்று, கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல். இருவருக்கும் ஒரே வகை மருந்துதான் கொடுக்கப்படுகிறது. மூன்றாம் நாள், ஒருவர் எழுந்து அமர்ந்து கஞ்சி குடிக்கிறார். மற்றவரோ தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியின் துணையோடு உயிருக்குப் போராடிக் கொண்டிருக்கிறார்.

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த இருவரின் நிலை இவ்வளவு வேறுபட்டது ஏன்? இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே அறிந்திருக்க முடியுமா? இக்கேள்விகளுக்கான விடையை அறிவியலாளர்கள் இன்று நோயாளியின் குருதியில், அதிலும் குறிப்பாக அவருடைய மரபணுக்களின் செயற்பாட்டில் தேடி வருகின்றனர்.

செப்சிஸ் என்பது யாது?

நம் உடலுக்குள் கிருமி நுழைந்தால், வெள்ளை இரத்த அணுக்கள் அதனை எதிர்த்துப் போராடுகின்றன. அவை சில வேதிப்பொருள்களைச் சுரந்து மேலும் பல அணுக்களைத் துணைக்கு அழைக்கின்றன. தொற்று ஏற்பட்ட இடம் சிவந்து, வீங்கி, வலிப்பது இதனால்தான். பெரும்பாலும் கிருமிகள் அழிந்ததும் இந்தப் போராட்டம் தானாகவே ஓய்ந்துவிடும்.

சிலருக்கு மட்டும் இந்த எதிர்ப்பு நிலைதடுமாறிப் போகிறது. ஓரிடத்தில் நடக்க வேண்டிய போராட்டம் உடல் முழுவதும் பரவுகிறது. இரத்தக் குழாய்களில் கசிவு ஏற்பட்டு இரத்த அழுத்தம் குறைகிறது. நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறைகிறது. சிறுநீரகம், நுரையீரல், இதயம், மூளை போன்ற உறுப்புகளுக்குப் போதிய உயிர்வளி கிடைப்பதில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வேலியே பயிரை மேய்ந்தாற்போல உடலைச் சிதைக்கத் தொடங்குகிறது. இந்நிலையே செப்சிஸ் எனப்படுகிறது. தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினை கட்டுப்பாடு இழந்து, உயிருக்கு ஆபத்தான முறையில் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலையே செப்சிஸ் என்று 2016ஆம் ஆண்டில் அனைத்துலக மருத்துவ வல்லுநர் குழு வரையறுத்தது.

செப்சிஸ் அரிதான நோயன்று. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 49 மில்லியன் பேர் இதனால் பாதிக்கப்பட்டனர் என்றும் 11 மில்லியன் பேர் உயிரிழந்தனர் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அதாவது, அவ்வாண்டில் நிகழ்ந்த ஐந்து மரணங்களில் ஒன்று செப்சிஸோடு தொடர்புடையது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 20 மில்லியன் பேர் ஐந்து வயதுக்கும் குறைவான குழந்தைகள். நுரையீரல் அழற்சி, சிறுநீர்ப்பாதைத் தொற்று, ஆறாத புண் என எந்தத் தொற்றும் செப்சிஸாக மாறக்கூடும். நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் கடுமையான செப்சிஸை உண்டாக்க வல்லது.

நேரத்தோடு ஒரு போட்டி

செப்சிஸ் சிகிச்சையில் ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புமிக்கது. இரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்ட செப்சிஸ் நோயாளிகளைப் பற்றிக் கனடா, அமெரிக்க மருத்துவமனைகளில் மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் ஆறு மணி நேரத்தில், தக்க கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுப்பது ஒரு மணி நேரம் தாமதமானால், நோயாளி பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்ததை அவ்வாய்வு காட்டியது.

விரைந்து செயல்பட வேண்டுமென்றால் யாருக்கு ஆபத்து அதிகம் என்பது விரைவில் தெரிய வேண்டும். இங்குதான் சிக்கல் எழுகிறது. இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். பல நோயாளிகளிடம் கிருமி அகப்படுவதே இல்லை. மருத்துவர்கள் தற்போது பயன்படுத்தும் மதிப்பீட்டு முறைகளுள் ஒன்று, மூளை, இதய இரத்த ஓட்டம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், இரத்தம் உறையும் தன்மை ஆகிய ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை புள்ளி வழங்குகிறது. மொத்தப் புள்ளி கூடக்கூட ஆபத்தும் கூடும். இது பயனுள்ள முறைதான். ஆயினும், உறுப்புகளுக்கு ஏற்கெனவே நேர்ந்துவிட்ட பாதிப்பையே இது அளவிடுகிறது. வீடு எவ்வளவு எரிந்துவிட்டது என்பதை இது சொல்லும். தீ எந்தப் பக்கம் பரவப் போகிறது என்பதைச் சொல்லாது.

மரபணு வெளிப்பாடு

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு நூலகமாகக் கற்பனை செய்து பாருங்கள். அந்நூலகத்தில், புரதங்களை உருவாக்கும் முறையைக் கூறும் ஏறத்தாழ 20,000 நூல்கள் உள்ளன. அவையே நம் மரபணுக்கள். கல்லீரல் அணுவிலும் வெள்ளை இரத்த அணுவிலும் இருப்பவை ஏறக்குறைய அதே நூல்கள்தாம். ஆனால், எல்லா நூல்களும் எல்லா நேரத்திலும் வாசிக்கப்படுவதில்லை. தேவைப்படும் நூலிலிருந்து மட்டும் அவ்வப்போது படி எடுக்கப்படுகிறது. அந்தப் படிக்குத் 'தூது ஆர்.என்.ஏ.' என்று பெயர். அதனைப் பார்த்தே உயிரணு புரதத்தைத் தயாரிக்கிறது. இவ்வாறு ஒரு மரபணுவில் உள்ள தகவல் பயன்பாட்டிற்கு வருவதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

நாம் பிறக்கும்போது பெற்ற மரபணுக்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றின் வெளிப்பாடோ மணிக்கு மணி மாறுகிறது. கிருமி நுழைந்ததும், வெள்ளை அணுக்கள் சில நூல்களிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை எடுக்கின்றன. வேறு சில நூல்களை மூடி வைக்கின்றன. எந்த நூலிலிருந்து எத்தனை படிகள் எடுக்கப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்த்தால், அந்த நேரத்தில் உடல் எத்தகைய போராட்டத்தில் ஈடுபட்டிருக்கிறது என்பதை ஊகிக்கலாம். இதற்குச் சில மில்லிலிட்டர் இரத்தமே போதும். ஆனால், தூது ஆர்.என்.ஏ. மிக விரைவில் சிதைந்துவிடும். ஆகையால், அதனைக் காக்கும் வேதிப்பொருள் கொண்ட குழாய்களில் இரத்தத்தைச் சேகரிப்பர்.

நோயின் போக்கை உணர்த்தும் இத்தகைய மரபணுக்களைக் குறிப்பான்கள் என்பர். சான்றாக, எம்.எம்.பி.8 என்னும் மரபணு, திசுக்களைக் கரைக்கும் ஒரு நொதியை உருவாக்குகிறது. கடுமையான செப்சிஸில் இதன் வெளிப்பாடு உயர்வதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. இதற்கு மாறாக, கிருமியை அடையாளம் காட்ட உதவும் எச்.எல்.ஏ.-டி.ஆர். என்னும் மூலக்கூறு சில நோயாளிகளின் வெள்ளை அணுக்களில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எதிர்ப்பாற்றல் சோர்ந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

தற்செயலா, உண்மையா?

குறிப்பான்களைத் தேடுவது எளிதன்று. நோயாளிகளிடம் 20,000 மரபணுக்களையும் அளந்து, பிழைத்தவர்களையும் பிழைக்காதவர்களையும் ஒப்பிட்டால், சில மரபணுக்கள் தற்செயலாகவே பொருந்திவிடும். இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 20,000 மாணவர்கள் ஆளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டுவதாகக் கொள்வோம். அவர்களுள் ஏறத்தாழ இருபது பேருக்குப் பத்து முறையும் தலையே விழும். அவர்கள் நாணயம் சுண்டுவதில் வல்லவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அவர்களை மீண்டும் பத்து முறை சுண்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

மரபணுக் குறிப்பான்களையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். முதல் ஆய்வில் கிடைத்த குறிப்பான்கள், அவ்வாய்வில் இடம்பெறாத புதிய நோயாளிகளிடமும் சரியாகப் பொருந்த வேண்டும். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்றாகும். அதில் மூன்று அறிவியல் குழுக்கள் தனித்தனியே பணியாற்றின. செப்சிஸ் நோயாளிகள் 650 பேரின் மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளைக் கொண்டு, ஒருவர் அடுத்த 30 நாள்களுக்குள் உயிரிழக்கும் அபாயத்தைக் கணிக்கும் முறைகளை அவை உருவாக்கின. பின்னர், அம்முறைகள் வேறு நோயாளிக் குழுக்களிடம் சோதிக்கப்பட்டன.

முடிவு என்ன? பிழைத்த ஒருவரையும் பிழைக்காத ஒருவரையும் இணையாக எடுத்துக்கொண்டு, இருவருள் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், இம்முறைகள் 100 இணைகளில் ஏறக்குறைய 77 முதல் 89 வரை சரியாகச் சுட்டின. வெறும் ஊகம் என்றால் 50 இணைகளில்தான் சரியாக இருக்கும். இந்தக் கணிப்பையும் மருத்துவர்களின் வழக்கமான மதிப்பீட்டுப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது துல்லியம் மேலும் கூடியது. மரபணுச் சோதனை மருத்துவரின் அனுபவ அறிவுக்கு மாற்றன்று. அதற்குத் துணையே என்பதை இது உணர்த்துகிறது.

ஒரே நோய், இரு வேறு வகையினர்

பிரிட்டனில் நடந்த மற்றோர் ஆய்வு, தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினாவுக்கு நேரடியாக வெளிச்சம் தருகிறது. நுரையீரல் தொற்றால் செப்சிஸுக்கு ஆளாகித் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த 265 பேரின் இரத்தத்தை அந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 2016ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளியாயின. மரபணு வெளிப்பாட்டின் அடிப்படையில் நோயாளிகள் இரு வகையினராகப் பிரிந்தனர். முதல் வகையினரின் எதிர்ப்பாற்றல் சோர்வுற்றிருந்தது. அவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்தது. இரண்டாம் வகையினரின் எதிர்ப்பாற்றல் இன்னும் செயல்பட்டுக்கொண்டிருந்தது. ஏழே ஏழு மரபணுக்களை அளந்தால், ஒருவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று கூறிவிடலாம் என்பதையும் அவர்கள் கண்டறிந்தனர்.

இந்தப் பாகுபாடு சிகிச்சைக்கும் முக்கியமானது. அழற்சியைத் தணிக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் மருந்து செப்சிஸ் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுவதுண்டு. முன்னரே நடந்து முடிந்த ஒரு மருந்துச் சோதனையில் சேகரித்த இரத்தத்தை ஆய்வாளர்கள் இதே முறையில் வகைப்படுத்தினர். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவு பலரையும் சிந்திக்க வைத்தது. எதிர்ப்பாற்றல் நன்றாக இருந்த இரண்டாம் வகையினருள், அம்மருந்தைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. போராடும் படையை மருந்தே தடுத்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. இதனை உறுதிப்படுத்த மேலும் சோதனைகள் தேவை. எனினும், ஒருவருக்கு ஏற்ற மருந்து மற்றவருக்குத் தீங்காகலாம் என்ற எச்சரிக்கையை நாம் புறக்கணிக்க முடியாது.

சிறார்களைப் பற்றியும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. அமெரிக்காவின் சின்சினாட்டி சிறார் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஹெக்டர் வோங், செப்சிஸால் அதிர்ச்சி நிலைக்கு ஆளான குழந்தைகளின் மரபணு வெளிப்பாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதிலிருந்து கிடைத்த தடயங்களைக் கொண்டு, இரத்தத்தில் ஐந்து புரதங்களை அளந்து குழந்தையின் அபாய நிலையைக் கணிக்கும் முறையை அவருடைய குழு 2012ஆம் ஆண்டில் வெளியிட்டது. மேலே கண்ட எம்.எம்.பி.8 அந்த ஐந்தனுள் ஒன்று.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்கு

தொடக்கக் காலத்தில் மரபணு வெளிப்பாட்டை அளக்கப் பல நாள்கள் ஆயின. அதற்குள் நோயாளி குணமடைந்திருப்பார் அல்லது இறந்திருப்பார். எனவே, ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்குப் பதிலாகச் சிலவற்றை மட்டும் விரைவாக அளக்கும் கருவிகள் உருவாக்கப்பட்டன. செப்சிஸை மற்ற அழற்சிகளிலிருந்து பிரித்தறிய நான்கு மரபணுக்களை அளக்கும் ஒரு சோதனைக்கு 2017ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. 2025ஆம் ஆண்டில், 29 தூது ஆர்.என்.ஏ.க்களை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அளக்கும் மற்றொரு சோதனைக்கும் அனுமதி கிடைத்தது. நோயாளிக்கு வந்திருப்பது பாக்டீரியா தொற்றா, வைரஸ் தொற்றா என்பதோடு, அவருடைய நிலை மோசமாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் அது மதிப்பிடுகிறது.

கணிப்பு தீர்ப்பன்று

முன்னறிவிப்பு என்பது வாய்ப்பைக் கூறுவதே அன்றி, விதியைக் கூறுவதன்று. மாலையில் மழை பெய்யலாம் என்று வானிலை அறிக்கை கூறினால் நாம் குடையை எடுத்துச் செல்கிறோம். அதுபோல, ஒருவருக்கு ஆபத்து அதிகம் என்று சோதனை காட்டினால், அவரை அடிக்கடி கண்காணிக்கவும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இடம் ஒதுக்கவும் மருத்துவர்கள் முன்கூட்டியே ஆயத்தமாகலாம். 'இவர் பிழைக்க மாட்டார்' என்று கைவிடுவதற்கு அதனைக் காரணமாக்கக் கூடாது. 100 இணைகளில் 89 சரியாக இருந்தாலும், 11 தவறாகிவிடுகின்றன. அந்தத் தவறான எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தாயோ தந்தையோ குழந்தையோ இருக்கிறார் என்பதை மறந்துவிடலாகாது.

மேலும், இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்குள்ள மக்களும் கிருமிகளும் வேறு. நம் வட்டாரத்தின் மக்களும் கிருமிகளும் வேறு. ஆகவே, அங்கே பொருந்திய குறிப்பான்கள் இங்கேயும் பொருந்துமா என்பதை இங்குள்ள நோயாளிகளிடம்தான் சோதித்தறிய வேண்டும். அண்டை நாடான தாய்லாந்தில் இதற்கான முயற்சிகள் நடந்துள்ளன. மெலியோய்டோசிஸால் ஏற்படும் செப்சிஸை மற்ற செப்சிஸிலிருந்து பிரித்துக் காட்டக்கூடிய மரபணு வெளிப்பாட்டு அடையாளத்தை, அங்குள்ள நோயாளிகளின் இரத்தத்திலிருந்து கண்டறிந்த ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நம் கடமை

எத்தனை நுட்பமான சோதனை இருந்தாலும், நோயாளி மருத்துவமனைக்கு வந்தால்தான் அது பயன்படும். காய்ச்சலோ தொற்றோ உள்ள ஒருவருக்கு மனக்குழப்பம், வேகமான மூச்சு, கடும் நடுக்கம், தோல் வெளிறுதல் அல்லது திட்டுத்திட்டாக நிறம் மாறுதல், நெடுநேரம் சிறுநீர் கழிக்காமை ஆகிய அறிகுறிகள் தென்பட்டால் தாமதிக்கக் கூடாது. உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அல்லது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். "இது செப்சிஸாக இருக்குமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். கைகளைச் சுத்தமாகக் கழுவுதல், காயங்களைத் தூய்மையாக வைத்திருத்தல், உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் ஆகியவை தொற்றைத் தடுக்கும். தொற்று இல்லையேல் செப்சிஸும் இல்லை.

மரபணுக்கள் தரும் முன்னறிவிப்பைப் படித்தறிய அறிவியல் கற்று வருகிறது. உடல் வெளிப்படையாகக் காட்டும் அறிகுறிகளைக் கவனித்து விரைந்து செயல்பட நாமும் கற்றுக்கொள்வோம்.

அருஞ்சொற்பொருள்

குருதி – இரத்தம்
உயிர்வளி – சுவாசத்திற்குத் தேவையான வாயு, பிராணவாயு
அழற்சி – தொற்றாலோ காயத்தாலோ உடலில் தோன்றும் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி
நொதி – உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்
திசு – ஒரே வகையான உயிரணுக்களின் தொகுதி
குறிப்பான் – உடலின் நிலையை அறிய உதவும் அளவிடத்தக்க அடையாளம்
தற்செயல் – எதிர்பாராமல் நேர்வது

அ. பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதுக.

1. செப்சிஸ் என்பது யாது?
2. மருத்துவர்கள் தற்போது பயன்படுத்தும் புள்ளி முறையின் பயனையும் குறைபாட்டையும் குறிப்பிடுக.
3. கட்டுரையாசிரியர் உயிரணுவை நூலகத்தோடு ஒப்பிடுகிறார். அவ்வொப்பீட்டில் 'நூல்', 'படி' ஆகியவை எவற்றைக் குறிக்கின்றன?
4. நாணயம் சுண்டும் எடுத்துக்காட்டின்வழி ஆசிரியர் உணர்த்த விரும்பும் கருத்து யாது?
5. செப்சிஸ் நோயாளிகளை வகைப்படுத்துவது சிகிச்சைக்கு ஏன் முக்கியமாகிறது? கட்டுரையிலிருந்து சான்று காட்டி விளக்குக.
6. 'கணிப்பு தீர்ப்பன்று' என்னும் கூற்றை உம் சொந்த நடையில் விளக்குக.

ஆ. மொழித்திறன்

1. 'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்னும் தொடர் செப்சிஸுக்கு எவ்வாறு பொருந்துகிறது? வேறொரு சூழலில் அதனைப் பயன்படுத்தி ஒரு வாக்கியம் அமைத்திடுக.
2. 'அன்று', 'அல்ல' ஆகிய சொற்கள் எந்த எண்ணுக்கு உரியவை என்பதை அறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுக.

இ. குழுக் கலந்துரையாடல்

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு படுக்கை மட்டும் காலியாக உள்ளது. அதனை யாருக்கு ஒதுக்குவது என்பதை மரபணுச் சோதனையின் முடிவை மட்டும் கொண்டு தீர்மானிக்கலாமா? குழுவில் கலந்துரையாடி, உங்கள் கருத்துகளைத் தக்க காரணங்களுடன் வகுப்பில் படைத்திடுக.